இடக்கரடக்கலும் இரவு லாரியும்

பள்ளியில் நன்னூல் படித்தவர்களுக்குத் தகுதி வழக்கு மூன்று என்பது நினைவிருக்கலாம்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது முதலாவது. மலம் கழித்துவிட்டு வந்தவன் ‘கால் கழுவி வந்தேன்’ என்பான். செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பது இரண்டாவது. ஒரு தொழிலார் பிறர் அறியாதபடி தமக்குள் வழங்கும் சொல் மூன்றாவது. பொன்னைப் பொற்கொல்லர் ‘பறி’ என்பதை உரைகாரர்கள் உதாரணம் காட்டுவார்கள். மூன்றும் பேச்சின் நாகரிகத்துக்காக ஏற்பட்டவை. அவற்றை நாம் ஊரை நடத்தும் முறையாகவே ஆக்கிக்கொண்டுவிட்டோம் என்பது இக்கட்டுரையின் குற்றச்சாட்டு. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்களும் நாமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இடம் ஊரப்பாக்கம். வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையும் மின்ரயில் பாதையும் ஊடறுத்துச் செல்லும் ஊர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்பார்கள். அந்த ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த வயல்களின்மேல் இன்று நாங்கள் தவணை கட்டிக்கொண்டு குடியிருக்கிறோம். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு மனை விலையைக் கேட்கவே வேண்டாம். எங்கள் அடுக்ககத்தில் பன்னிரண்டு வீடுகள். மாடித் தோட்டம் உண்டு, கண்காணிப்புக் கேமரா உண்டு, ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கழிவறைகள் உண்டு. பாதாளச் சாக்கடை கிடையாது. கீழே, வண்டிகள் நிறுத்துமிடத்தில், நான்கு சிமெண்டு மூடிகளுக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. அது நிரம்பும்வரை எங்களில் ஒருவரும் அதை நினைத்ததில்லை.

ஐப்பசி மழையில் அது நிரம்பியது. தரைத்தளத்து வீட்டின் குளியலறையில் தண்ணீர் இறங்காமல் எதிர்த்து வந்தபோது சுற்றுச்சுவரில் பார்த்த எண்ணை அழைத்தோம். இவ்வூரில் மின்கம்பம், சுவர், மரம் என எதிலும் அந்த எண்கள் இருக்கும். இரவு பத்தரைக்கு லாரி வந்தது. ஓட்டுநர் ஒருவர், உடன் ஒரு பையன். தடித்த குழாயை இறக்கி, பம்பை ஓடவிட்டு, முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்தார்கள். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றோம். பணம் கொடுத்த பிறகு, எங்களில் ஒருவர் ஏதோ தோன்றி, “இதையெல்லாம் எங்கேப்பா கொண்டுபோய்க் கொட்டுவீங்க?” என்றார்.

ஓட்டுநர் குழாயைச் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னார்: “ரேட்டு பேசறப்போ இத கேக்கலையே சார். இன்னும் முன்னூறு கொறச்சுக்கோன்னு மட்டுந்தானே கேட்டீங்க?”

லாரி ஜி.எஸ்.டி. சாலையின் பக்கம் திரும்பவில்லை. உட்புறத் தெருவில் ஏரி இருக்கும் திசையில் போயிற்று. பின்விளக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். பின்தொடர்ந்து போகலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மறுநாள் காலை நடைக்குச் சென்று வந்தவர், மழைநீர்க் கால்வாயில் கண்டதைச் சொன்னார். அது எங்களுடையதுதானா என்பதற்குச் சான்று இல்லை. சான்று இல்லை என்பதில் எங்களுக்கு ஏற்பட்ட நிம்மதியைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

*

எங்களில் ஒரு குடும்பத்து மகன் அமெரிக்காவில் இருக்கிறார். வீட்டையே வண்டியாக்கிய ஊர்தி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஊர்சுற்றிய கதையை, விடுமுறைக்கு வந்திருந்தபோது மொட்டைமாடியில் சொன்னார். அந்த வண்டியின் அடியில் இரண்டு தொட்டிகள். கழிவறை நீருக்கு ஒன்று, குளியல் நீரும் சமையலறை நீரும் சேர மற்றொன்று. நிரம்பினால், அதற்கென்று உள்ள நிலையத்துக்கு ஓட்டிச் சென்று, கையுறை மாட்டி, குழாயைத் தானே பொருத்தி, முதலில் மலநீரையும் பிறகு குளியல் நீரையும் திறந்துவிட வேண்டும். பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும் என்பதால் அந்த வரிசை. வீடு திரும்பிவிட்டால், வீட்டுச் சாக்கடைக் குழாயின் வாயில் பொருத்திக் காலி செய்பவர்களும் உண்டு. வழியில் தரையில் திறந்துவிடுவது பெரும்பாலான இடங்களில் குற்றம். பொறியியல் படித்த, கைநிறையச் சம்பாதிக்கிற அந்தப் பிள்ளை இதை அருவருப்போடு சொல்லவில்லை. வண்டி ஓட்டுகிறவனின் வேலைகளில் ஒன்றாகச் சொன்னார். அவருடைய அம்மாவுக்குத்தான் முகம் சுருங்கிற்று. “உனக்கு ஏண்டா இந்தத் தலையெழுத்து?” என்றார்.

ஒரு தலையெழுத்தும் இல்லை. நாடோடியாகச் சுற்றுகிறவனுக்குத் தன் கழிவு எங்கே போகிறது என்பது தெரிந்திருக்கிறது. பத்திரப்பதிவு செய்து நிலையாகக் குடியிருக்கிற நமக்குத் தெரியவில்லை. அமெரிக்காவைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை; அந்த நாட்டின் வேறு அழுக்குகளை நாம் அறிவோம். ஆனால் அங்கே தொட்டியைத் தொடுவதற்கென்று ஒரு சாதி ஒதுக்கப்படவில்லை. நம் வீடுகளில் தொட்டி இருக்கிறது. அதைத் தொட வேண்டியவர் யார் என்பதை நமக்கு முன்பே யாரோ முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

*

செப்டிக் டேங்க் என்று நாம் சொல்வது உண்மையில் என்ன? 1860களில் பிரான்சில் மூராஸ் என்பவர் தம் வீட்டுக்குக் கட்டிய தொட்டியில் தொடங்கி, 1895-இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் டொனால்ட் கேமரன் அமைத்ததில் பெயர் பெற்றது அது. ‘செப்டிக்’ என்றால் அழுகல் தொடர்பானது. கனமானவை அடியில் வண்டலாகப் படியும். கொழுப்பும் நுரையும் மேலே ஆடையாக மிதக்கும். காற்றில்லா இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் வண்டலின் ஒரு பகுதியைத் தின்று செரிக்கும். நடுவில் நிற்கும் நீர் மட்டும் வெளியேறி உறிஞ்சுகுழியின் வழியாக மண்ணில் பரவ வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டலை அள்ள வேண்டும். அள்ளாவிட்டால் அது நீரோடு சேர்ந்து வெளியேறி உறிஞ்சுகுழியை அடைத்துவிடும். மிக எளிய ஏற்பாடு. ஆனால் அதற்கு உறிஞ்சுகுழி வேண்டும், மண் வேண்டும், மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே இடைவெளி வேண்டும்.

எங்கள் அடுக்ககத்தைக் கட்டியவர் தொட்டியைக் கட்டினார். உறிஞ்சுகுழிக்கான இடத்தில் இரண்டு கார்களுக்குக் கூடுதலாக இடம் விற்றார். நாங்கள் அதை வாங்கினோம். குளிக்கும் நீர், துணி துவைக்கும் நீர் எல்லாம் அதே தொட்டியில் விழுகிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறும்போது விரிசல்கள் வழியே அதுவும் உள்ளே வருகிறது. ஆக, நாங்கள் வைத்திருப்பது செப்டிக் டேங்கே இல்லை. அமெரிக்க வண்டியின் அடியில் இருப்பதைப் போன்ற வெறும் சேமிப்புத் தொட்டிதான், வண்டிதான் நகராது. ஆகவே லாரி வருகிறது.

லாரி எங்கே போகிறது? அதற்குச் சட்டப்படியான விடை உண்டு. தமிழக அரசு 2014 செப்டம்பரில் கசடுக் கழிவு மேலாண்மைக்கு நெறிமுறைகளை வெளியிட்டது. தொட்டிகளிலிருந்து எடுப்பதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கொண்டுசெல்ல வேண்டும். இதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால், மதுராந்தகத்துக்கு அருகே கருங்குழியில், மலக்கசடைச் சுத்திகரிப்பதற்கென்றே தமிழ்நாட்டின் முதல் நிலையம் 2017-இல் அமைந்தது. ஆக, ‘இந்த நாட்டில் இதெல்லாம் நடக்காது’ என்பவர்களுக்கு, நம் மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது என்பது பதில். ஆனால் ஒரு லாரிக்காரர் சுத்திகரிப்பு நிலையம்வரை போய்வர டீசல் வேண்டும், வரிசையில் நிற்க நேரம் வேண்டும், உள்ளே விட அனுமதி வேண்டும். நாம் பேரம் பேசிக் குறைத்த முன்னூறு ரூபாயில் அந்த டீசல் இருந்தது.

போகாத லாரி போகும் இடமும் நமக்குத் தெரிந்ததுதான். ஊரப்பாக்கத்துக்கு மேற்கே ஆதனூர். சுமார் 42 கிலோமீட்டர் ஓடிச் சென்னையில் கடல் சேரும் அடையாறு அந்த ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் என்று போகிறது. 2015 டிசம்பரில் இந்தப் பெயர்களையெல்லாம் தொலைக்காட்சி நமக்கு மனப்பாடம் செய்வித்தது. இந்தப் பகுதியின் கால்வாயில் இரவில் கொட்டப்படுவது அந்த ஆற்றின் தொட்டிலில் கொட்டப்படுகிறது. சென்னைக்காரர்கள் அடையாற்றின் முகத்துவாரத்தைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறார்கள். ஆறு அங்கே கெட்டது என்று நினைக்கிறார்கள். அது பிறந்த வீட்டிலேயே கெடுக்கப்படுகிறது.

கோடை வந்தால் வேறொரு லாரியை அழைக்கிறோம். அது தண்ணீர் லாரி. அந்தத் தண்ணீர் எங்கோ ஒரு வயல்வெளிக் கிணற்றிலிருந்து வருகிறது. அந்தக் கிணற்றுக்கு எவ்வளவு தூரத்தில் முன்னிரவு லாரி நின்றது என்று அதையும் நாம் கேட்பதில்லை. 1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலராவால் சனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் நோயின் தடத்தை ஒரு குடிநீர்ப் பம்பில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தக் கிணற்றிலிருந்து சில அடி தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி கசிந்துகொண்டிருந்தது பின்னர் தெரியவந்தது. நூற்றெழுபது ஆண்டுகளாக உலகம் அறிந்த பாடம் இது. மாமல்லபுரம்வரை நீளும் கடற்கரை மணலில், நீர்மட்டம் மேலாகவும் மண் சல்லடையாகவும் இருக்கும் இடத்தில் வீடும் விடுதியும் கட்டுகிறவர்கள் இதை இரட்டிப்பாக நினைவில் கொள்ள வேண்டும்.

*

இதுவரை தண்ணீரைப் பற்றிச் சொன்னோம். இனி மனிதரைப் பற்றி.

பம்பு உறிஞ்சாத வண்டல் அடியில் இறுகிக் கிடக்கும்போது “ஆள் இறங்கணும் சார், தனியா குடுத்துருங்க” என்பார்கள். நாம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவோம். மூடிய தொட்டியில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் தேங்கியிருக்கும். பின்னதற்கு அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் அது மூக்கின் உணர்வையே முதலில் கொன்றுவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று இறங்குகிறவர் இரண்டு மூச்சில் விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். 2019 மார்ச்சில், ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில், ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் இப்படி ஆறு பேர் மாண்டார்கள். அவர்களில் மூவர் ஒரே குடும்பத்தினர். ஒருவரைக் காக்க அடுத்தவர் என்று போன உயிர்கள்.

1993 முதல் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறந்தவர்களின் அரசுக் கணக்கில் தமிழ்நாட்டின் பங்கு இருநூறுக்கும் மேல். இந்திய மாநிலங்களில் நமக்கே முதலிடம். கல்வியில், மருத்துவத்தில், தொழிலில் நமக்குள்ள இடத்தை மேடைதோறும் சொல்கிறோமே, இந்த இடத்தையும் ஒருமுறை சொல்லலாம். இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் உள்ளிட்ட தலித் மக்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செய்தித்தாளில் ‘விஷவாயு தாக்கிப் பலி’ என்று வரும். நன்னூலார் இருந்தால் இதை மங்கல வழக்கில் சேர்ப்பார் என்று நினைக்கிறோம். வாயு தாக்கவில்லை; அனுப்பியவர் ஒருவர் இருந்தார்.

சட்டம் அந்த அனுப்பியவரைத் தேடுகிறது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்துவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாவது பிரிவு, சாக்கடையையோ கழிவுநீர்த் தொட்டியையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எந்த நபரும் எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. முதல் குற்றத்துக்கு இரண்டாண்டுவரை சிறை, அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். ‘எந்த நபரும்’ என்பதில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் உண்டு, பொருளாளர் உண்டு, வாட்சப்பில் கட்டைவிரல் காட்டிய நாம் எல்லாரும் உண்டு. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. உயிரின் விலை உயர்ந்ததே தவிர, இறங்கச் சொல்லும் வாய் இன்னும் மூடவில்லை.

*

இலக்கியம் பேசும் இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறோம்.

ஆலப்புழையில் மலவாளி சுமந்த தோட்டிகளின் தலைமுறைகளைத் தகழி 1947-இல் நாவலாக்கினார். ‘தோட்டியின் மகன்’ என்று சுந்தர ராமசாமி அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பெருமாள்முருகன் 2004-இல் தம் தொகுப்புக்குப் ‘பீக்கதைகள்’ என்றே பெயர் வைத்து இடக்கரடக்கலை அட்டையிலேயே உடைத்தார். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017-இல் வந்தபோது அதன் திரையிடல்களைக் காவல்துறை தடுத்தது. நாம் இவற்றைப் படித்தோம், பார்த்தோம், கண் கலங்கினோம், நண்பர்களுக்குப் பரிந்துரைத்தோம். வாளியைக் கண்டு கலங்குவது நமக்கு எளிது. அது வேறொரு காலத்தின், வேறொரு தெருவின் வாளி. இன்று வாளி போய்த் தொட்டி வந்திருக்கிறது. தெருவில் சுமந்து போனதை லாரி மூடி எடுத்துப் போகிறது. வாளி கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் இலக்கியம் ஆயிற்று. தொட்டி நம் கார் நிற்கும் இடத்துக்கு அடியில் இருப்பதால் பராமரிப்புச் செலவுக் கணக்கில் ஒரு வரியாகிவிட்டது. லாரிக்காரர்கள் அதை ‘லோடு’ என்கிறார்கள். “நைட்டு எத்தன லோடு?” என்பது அவர்களுடைய குழூஉக்குறி. நமக்கும் வசதியான சொல்.

‘பாதாளச் சாக்கடை போடுவது அரசின் வேலை’ என்று ஒரு வாதம் உண்டு. முழுதும் ஒப்புக்கொள்கிறோம். மனை அங்கீகாரத்துக்குக் கட்டணம் வாங்கியவர்கள், மலம் போகும் வழியைக் கேட்காமல் மாடிக்கு மேல் மாடி அனுமதித்தவர்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். நடுவணரசு 2017-இல் கொள்கை வகுத்தது. கருங்குழியில் முடிந்தது ஜி.எஸ்.டி. சாலை நெடுக ஏன் போதிய அளவில் இல்லை என்று உரக்கக் கேட்க வேண்டும். ஆனால் சாக்கடை வரும்வரை நாம் மலம் கழிப்பதை ஒத்திவைக்கப் போவதில்லையே! அதுவரை போகிற ஒவ்வொரு லோடும் நம் பெயரில்தான் போகிறது.

‘லாரிக்காரனைப் பிடித்து உள்ளே போடுங்கள்’ என்பது இன்னொரு வாதம். கொட்டுகிறவரைத் தண்டிக்கட்டும். கொட்டினால்தான் கட்டுபடியாகும் என்கிற விலையை நிர்ணயித்தவர்கள் யார் என்பதையும் அதே விசாரணையில் கேட்கட்டும்.

*

கடைசியாக, நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை. சங்கக் கூட்டம் கூட்டினோம். மூன்று தீர்மானங்கள்: உரிமம் உள்ள வண்டியைப் பகலில் மட்டும் அழைப்பது, சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியதற்கான சீட்டைப் பார்த்த பிறகே முழுப்பணம் தருவது, எக்காரணம் கொண்டும் ஆளை இறக்குவதில்லை. கூடுதல் செலவு எல்லா வீட்டுக்கும் சமமாகப் பங்கு. குளியல் நீரைத் தனியே பிரித்து உறிஞ்சுகுழிக்கு விடுவது, அதற்காக ஒரு கார் நிறுத்துமிடத்தைத் திரும்ப எடுப்பது என்ற நான்காவது தீர்மானம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அந்த இடத்தின் சொந்தக்காரர் கூட்டத்துக்கு வரவில்லை. ஏழு பேர் ஆதரித்தார்கள், ஐந்து பேர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டோம். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அந்தக் கூடுதல் தொகை மருந்துக்கான தொகை. அவருடைய பங்கை மற்றவர்கள் ஏற்பதென்று முடிவாயிற்று.

தை மாதத்தில் ஒரு முற்பகல் வண்டி வந்தது. தூய்மைப் பணிக்கான 14420 என்ற உதவி எண்ணை இப்போது நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறோம். மூடி திறந்ததும் தெரு முழுக்க நாற்றம் பரவிற்று. எதிர்வீட்டு அம்மாள் சன்னலைச் சாத்திக்கொண்டே, “சமைக்கிற நேரம் பாத்துதான் எடுக்கணுமா? ராத்திரியில வச்சுக்கக் கூடாதா?” என்று சத்தம் போட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். ஆனால் இரவுக்கு மாற்றுவதாகச் சொல்லவில்லை. ஓட்டுநர் மாலையில் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் நேரமும் அளவும் எழுதி முத்திரை குத்தியிருந்தது. இத்தனை ஆண்டுகளில் எங்கள் வீட்டை விட்டு வெளியேறியது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை நாங்கள் எழுத்தில் பார்த்தது அதுவே முதல்முறை.